டீச்சரைக் கேளுங்கள்: செம்பனை வந்த ஊரின் மொழி

போன இதழில், கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் கவிதையில் நான் முனைவர் பட்டம் வாங்கியதை நாலு வரியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன். தேர்வுக் கவலை, மருமகள் கவலை எல்லாம் அடுத்த மாதம் வரும்; அந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சர், கோலாலம்பூரில் மொழியியல் பட்டம் முடித்துவிட்டேன். ஆப்பிரிக்க மொழிகளிலும் இலக்கியத்திலும் பிஎச்.டி. செய்ய ஆசை. எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போடலாம்?
*— வாசகி, லாபிஸ்*

தங்கச்சி, எந்த நாடு என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் எந்த மொழி என்று சொல். ஆப்பிரிக்காவில் இரண்டாயிரம் மொழிகள் வரை இருக்கின்றன. நைஜீரியாவின் ஹௌசாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜூலுவுக்கும் உள்ள தூரம், தமிழுக்கும் சீனத்துக்கும் உள்ள தூரம் மாதிரி. 'ஆப்பிரிக்க மொழி படிக்க விரும்புகிறேன்' என்று மொட்டையாக எழுதினால், நீ இன்னும் வாசலில்தான் நிற்கிறாய் என்று படிக்கிற பேராசிரியருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

நானும் வாசலில் போய் நின்றவள்தான். அமெரிக்காவுக்குப் போகும்போது என் பெட்டியில் பாதி இடத்தைக் குறிப்புகளே அடைத்திருந்தன. எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து எடுத்தவை. முதல் வாரத்தில் என் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். பழைய சுவாஹிலிக் கவிதை ஒன்றின் ஒரு பக்கம். "சத்தமாக வாசி. பொருள் தெரியாவிட்டால் பரவாயில்லை, எங்கே மூச்சு விட வேண்டும் என்று உனக்குத் தெரிகிறதா பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வரி தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் திட்டவில்லை. தாளைத் திரும்ப வாங்கி மடித்து, "இரண்டு வருடம் கழித்து இதே பக்கத்தை வாசிக்கலாம்" என்றார். அன்று ராத்திரி குறிப்புகளையெல்லாம் கயிறு போட்டுக் கட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். அந்த இரண்டு வருடத்தை நீ இங்கேயே மிச்சம் பிடிக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நீ தமிழும் மலாயும் அறிந்தவள். சுவாஹிலிக்குள் நுழைய இவ்வளவு நல்ல படிக்கட்டு எல்லாருக்கும் கிடைக்காது. விடைபெறும்போது அவர்கள் 'துத்தஓனானா' என்பார்கள். 'து' நாம், 'த' எதிர்காலம், 'ஓன்' பார், 'ஆன்' ஒருவரையொருவர். கடைசி 'ஆ' வினையை முடித்துவைக்கிறது. நம் 'பார்ப்போம்' என்ற சொல்லைப் பக்கத்தில் வை. பார் முதலில், காலம் நடுவில், நாம் கடைசியில். அவர்கள் ஆளைச் சொல்லிவிட்டு வினைக்கு வருகிறார்கள். நாம் வினையைச் சொல்லிவிட்டு ஆளுக்கு வருகிறோம். கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். ஒரே சொல்லுக்குள் ஒரு வாக்கியத்தையே அடுக்குவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

பெயர்ச்சொல்லில் அந்த அமெரிக்கப் பிள்ளைகள் திணறிய இடம் எனக்குச் சுலபமாக இருந்தது. கித்தாபு என்றால் புத்தகம். பல புத்தகங்கள் வித்தாபு. ம்த்து என்றால் மனிதர். பலர் என்றால் வாத்து. ஒவ்வொரு பெயரும் ஒரு வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்புக்கு ஏற்ப அடையும் வினையும் முன்பக்கத்தில் உருமாறும். இந்த வகுப்புக்கு அவர்கள் பெயர் ங்கேலி. நம் இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை என்று இரண்டு. அவர்களுக்குப் பத்துக்கு மேல். 'மாடு வந்தான்' என்று சொன்னால் உன் காது கூசும் அல்லவா? அந்தக் காதுதான் அங்கே வேண்டும்.

மலாய் தெரிந்தவளுக்கு இன்னொரு பரிசும் இருக்கிறது. இரண்டு மொழியும் இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரையில் நின்று அரபியிலிருந்து வாங்கியவை. மலாயில் காபார், அங்கே ஹபாரி. இங்கே வக்து, அங்கே வகாத்தி. இங்கே ஃபிகிர், அங்கே ஃபிகிரி. துனியா இரண்டிலும் துனியாதான்.

என் ஆய்வு உதெண்டி என்ற நெடும்பாட்டு வகை பற்றியது. 1858-ல் கென்யக் கடற்கரையின் பாத்தே தீவில் ம்வானா குபோனா என்ற பெண், நோயில் படுத்தபடி தன் மகளுக்காகப் பாடியது ஒன்று உண்டு. எப்படி வாழ வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்ற புத்திமதி. முதல் அடி 'பிந்தி' என்று முடியும். மகளே, கிட்ட வா என்று கூப்பிடுகிறாள். மூன்றாவது அடி 'வசியத்தி' என்று முடியும். நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பெயரில் இருக்கும் பிந்தி, உயிலுக்கு மலாயில் நாம் சொல்லும் வாசியாட், இரண்டும் அங்கே ஒரு தாயின் வாயில். அடிக்கு எட்டு அசை, நாலு அடி. முதல் மூன்று அடிக்கு ஒரே இயைபு. நாலாவது அடியின் இயைபு மட்டும் பாட்டு முழுக்க, நூறு கண்ணி போனாலும் மாறாது. பாடுகிறவள் ஒவ்வொரு கண்ணியிலும் எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ஓர் ஒலிக்கே திரும்பி வருவாள். இதை மொழிபெயர்ப்பில் நான் பலமுறை படித்திருந்தேன், ஒரு தடவைகூட எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கத்தை மேற்பார்வையாளர் முன்னால் வாசித்தபோது கேட்டது.

சரி, இடங்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1964-லிருந்து இதற்கென்றே தனித் துறை நடத்துகிறது. இப்போது ஆப்பிரிக்கப் பண்பாட்டு ஆய்வுகள் என்ற பெயரில் தேட வேண்டும். லண்டனில் கீழைநாட்டு மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி (SOAS), ஹாலந்தில் லைடன், ஜெர்மனியில் பைராய்ட், ஹாம்பர்க். ஆனால் ஆப்பிரிக்காவை மறந்துவிட்டு ஆப்பிரிக்காவைப் படிக்காதே. டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் சுவாஹிலிக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆய்வேட்டையே சுவாஹிலியில் எழுதலாம். ஜூலுவில் ஆசை என்றால் டர்பனில் இருக்கும் குவாஜூலு-நடால் பல்கலைக்கழகம். 1860-ல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன முதல் கப்பல் இறங்கிய துறைமுகம் அது. இந்தியர்களும் ஜூலுக்காரர்களும் தோட்டத்தில் ஒருவரோடொருவர் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பதே பெரிய ஆய்வுப் பொருள். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பிபிசி 1957-லிருந்து சுவாஹிலியில் ஒலிபரப்புகிறது. தினமும் பத்து நிமிடம் கேள். புரிய வேண்டாம், கேட்டால் போதும்.

தோட்டத்துப் பிள்ளைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்கு எங்கிருந்து இந்த ஆசை வந்தது?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், சிம்பாங் ரெங்கம்*

ஐயா, எழுந்து வாசலுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் அந்தப் பனை, மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-ல் நாலு கன்று ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தது. 1917-ல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டார்கள். கித்தா என்கிற ரப்பர் காட்டை அழித்து அது நம் ஊருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

என் அம்மா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக்குப் பூத்தூள் அடிக்கும் கேங்கில் இருந்தார். ஆண்பூவின் தூளை டால்கம் மாவோடு கலந்து சின்னக் குழாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மரம் மரமாகப் போய், முள்ளுக்குள் கையை விட்டுப் பாளையை விலக்கி, பெண்குலையின் மேல் அடிக்க வேண்டும். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வரும்போது புருவம் வெளுத்திருக்கும், முழங்கை வரை கீறல் இருக்கும், சேலையில் சோம்பு வாசனை அடிக்கும். செம்பனைப் பூவின் வாசனை அது. சமையல் கட்டில் சோம்பு தாளித்தால் எனக்கு இன்றைக்கும் அம்மா வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். தீபகற்பத்தில் முதலில் விட்டது எங்கள் குளுவாங் வட்டாரத்தில்தான். அந்த மரத்தின் பூவுக்கு அதன் ஊரில் யுகயுகமாக மகரந்தம் சுமந்த வண்டு அது. நம் பெண்கள் கையால் செய்துகொண்டிருந்ததை அதுதான் அங்கே செய்தது. இரண்டொரு வருடத்தில் அந்தக் கேங்கே இல்லாமல் போய்விட்டது. அம்மாவை உரம் போடும் வேலைக்கு மாற்றினார்கள். "எங்கேருந்துடி வந்துச்சு அந்தப் பூச்சி?" என்று அம்மா கேட்டார். ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் அட்லஸைத் திறந்து கேமரூனைக் காட்டினேன். "அங்க இருக்கறவங்க என்ன பாஷை பேசுவாங்க?" என்று அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இஃபா என்ற குறிசொல்லும் மரபு இருக்கிறது. குறிசொல்லும் பெரியவர் கையில் பதினாறு செம்பனைக் கொட்டைகள் இருக்கும். அவற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு அள்ளி, கையில் மிச்சம் இருப்பதை வைத்துக் கோடு போடுவார். அதிலிருந்து 256 தலைப்புகளில் ஒன்று அமையும். ஒவ்வொரு தலைப்புக்கும் அடுக்கடுக்காகப் பாட்டுகள். அத்தனையும் மனப்பாடம். நாம் லாரி லாரியாக ஆலைக்கு அனுப்பும் கொட்டையில் அவர்கள் ஓர் இலக்கியத்தையே வைத்திருக்கிறார்கள்.

மகள் வேறு எதையும் காதில் வாங்க மாட்டேன் என்கிறாள். நான் குலை லாரி ஓட்டுகிறேன். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தப் படிப்பு சோறு போடுமா?
*— தந்தை, பாலோ*

அண்ணன், வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். இ.பி.எஃப். பணத்தையும் தொட வேண்டாம். கையில் இருக்கும் பணத்தைக் கட்டிப் படிக்க வேண்டிய படிப்பு இல்லை இது. இடமும் பணமும் சேர்ந்து கிடைத்தால் போகட்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம் போடட்டும்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு ஐந்து, ஆறு வருடம் இழுக்கும். ஆனால் நல்ல துறைகளில் கல்விக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கவைத்து மாதப்படியும் கொடுப்பார்கள். பல இடங்களில் எம்.ஏ. இல்லாமலேயே நேரே சேரலாம். அங்கே மொழி படிக்க அரசு தந்துவந்த உதவித்தொகையும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் இருந்தது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகை மலேசியர்களுக்கு உண்டு. பிரிட்டனில் மூன்று, நாலு வருடத்தில் முடியும், எம்.ஏ. வேண்டும், வெளிநாட்டு மாணவர் கட்டணம் கழுத்தைப் பிடிக்கும். ஜெர்மனியில் முனைவர் மாணவர்களிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மட்டும் வழி தேட வேண்டும்.

ஏஜெண்டிடம் போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் 'பிஎச்.டி. சீட் உறுதி' என்று சொன்ன ஒருவரிடம் எட்டாயிரம் வெள்ளி கொடுத்தான். வந்தது ஒரு கடிதம், அதில் இருந்த துறையே அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை. முனைவர் படிப்புக்கு ஏஜெண்ட் தேவையே இல்லை. உங்கள் மகளே பேராசிரியருக்கு நேராக மின்னஞ்சல் எழுதலாம். நான் யார், எந்த மொழியை எவ்வளவு படித்திருக்கிறேன், என்ன கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று பத்து வரி போதும். அப்புறம் நோக்கக் கடிதம், இருபது பக்க அளவில் ஒரு கட்டுரை, அவளை உண்மையாகவே தெரிந்த மூன்று ஆசிரியர்களின் பரிந்துரை. அமெரிக்காவுக்கு டிசம்பர், ஜனவரியில் கெடு முடியும். ஆகஸ்டிலேயே உட்கார்ந்துவிடச் சொல்லுங்கள்.

சோறு போடுமா என்று கேட்டீர்கள். பல்கலைக்கழக வேலை உலகம் முழுக்கக் குறைவு, போட்டி அதிகம். பட்டம் வாங்கி வந்த பிறகு நான் மூன்று வருடம் டியூஷன் எடுத்தேன். அந்த மூன்று வருடம் கஷ்டமான வருடங்கள். மொழிபெயர்ப்பு, அகராதி, கணினியில் மொழி சார்ந்த வேலை, உதவி நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன. சுவாஹிலி இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்று. ஆனாலும் பொறியியல் மாதிரி படித்து முடித்த மறுநாளே வேலை என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். ஐந்து வருடம் குறைந்த காசில் வாழ்ந்துகொண்டு ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்ட அவளால் முடியுமா, அதைக் கேளுங்கள். முடியும் என்று அவள் சொன்னால், அண்ணன், தடுக்காதீர்கள்.

நைஜீரியாவின் அச்சிபி, தான்சானியாவின் குர்னா மாதிரி ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில்தானே எழுதினார்கள்? ஆங்கில இலக்கியம் படித்தால் போதாதா?
*— கல்லூரி மாணவர், செகாமட்*

தம்பி, இந்தச் சண்டையை அவர்களே அறுபது வருடத்துக்கு மேல் போட்டுவிட்டார்கள். 1962-ல் உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கூடினார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குத்தான் அழைப்பு. கென்யாவின் கூகி வா தியாங்கோ அங்கே மாணவராக இருந்தார். அப்போது அவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்தான். 1968-ல் நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு ஆப்பிரிக்க மொழிகளையும் இலக்கியத்தையும் நடுவில் வையுங்கள் என்று இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தார்.

1977-ல் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவர் ஊர் லிமுரு, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இடம். அங்கே கமிரித்து என்ற கிராமத்தில் தொழிற்சாலை ஆட்களும் தோட்ட ஆட்களும் சேர்ந்து, திறந்தவெளி மேடையைத் தாங்களே கட்டி, கிக்குயு மொழியில் நாடகம் போட்டார்கள். கூகியும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய நாடகம். தங்கள் கூலியையும் தங்கள் நிலத்தையும் பற்றித் தங்கள் மொழியிலேயே மேடையில் கேட்டபோது ஜனங்கள் திரண்டு வந்தார்கள். சில வாரத்தில் அரசாங்கம் தடை போட்டது. அந்த வருடம் டிசம்பர் 31-ல் அவரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரணை இல்லாமல் ஒரு வருடம் போல அடைத்துவைத்தார்கள். சிறையில் கழிவறைத் தாளில் கிக்குயுவில் ஒரு நாவல் எழுதினார். ஆங்கிலத்தில் அவ்வளவு எழுதியபோது தொடாதவர்கள், தோட்டக்காரனுக்குப் புரிகிற மொழிக்கு வந்ததும் பிடித்தார்கள். அந்த மொழியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆங்கிலத் துறை உனக்குப் போதாது. அவர் 2025 மே மாதம் காலமானார்.

அச்சிபியையும் குர்னாவையும் படி, நானும் அவர்களை விரும்பிப் படிக்கிறவள்தான். ஆனால் சுங்க இலாகாவில் கிராணியாக இருந்துகொண்டே சுவாஹிலியில் எழுதிக் குவித்த ஷாபான் ராபர்ட்டையும் தேடு. நோபல் பரிசுப் பட்டியலில் மட்டும் தேடினால் அவர் கிடைக்க மாட்டார்.

பெண் பிள்ளையை அந்தக் காப்பிரிகள் நாட்டுக்குத் தனியாக அனுப்புவதா? பயமாக இருக்கிறது.
*— தாய், யோங் பெங்*

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் பயந்தார். ஆனால் 'காப்பிரி' என்ற அந்தச் சொல்லை முதலில் வீட்டைவிட்டு வெளியே போடுங்கள். அதே சொல்லை தென்னாப்பிரிக்காவில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நம்மை ஒரு சொல்லால் கூப்பிடுவார்களே, பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் நாம் கேட்டோமே, அது நெஞ்சில் எங்கே குத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கென்யாவின் லாமு தீவில் நான் எட்டு மாதம் இருந்தேன். வீட்டுக்காரப் பாட்டி முதல் நாளே என் வலக்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தரையில் பாய் போட்டு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் மீன் குழம்பும் வைத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு ராத்திரி தூங்காமல் பக்கத்தில் இருந்தார். மலேரியா மாத்திரை, தடுப்பூசி, தங்குமிடம் எல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியவைதான். எந்த நாட்டுக்குப் போனாலும் பெண் பிள்ளை பார்த்துக்கொள்வதைத்தான் அங்கேயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன இதழைப் பார்த்துவிட்டு ராத்திரி வேலையில் கைப்பேசியில் சுவாஹிலி கேட்கிறேன், டீச்சர். எண்கள் மட்டும் படித்துக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு 'சா மோஜா' என்கிறார்கள். மோஜா என்றால் ஒன்றுதானே?
*— காவலாளி, செம்பனை ஆலை, குளுவாங்*

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சா என்றால் மணி, மோஜா என்றால் ஒன்றுதான். அவர்கள் ஒரு நாளின் மணியைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள், நம் பாட்டன்மார் நாழிகையை எண்ணிய மாதிரி. நிலநடுக்கோட்டுப் பக்கம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கு விடியும், ஆறுக்கு இருட்டும். அதனால் விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. இருட்டி ஒரு மணி நேரம் ஆனால் மறுபடி ஒன்று. நடுராத்திரி 'சா சீத்தா', ஆறு மணி. அவர்கள் சொல்லும் மணியோடு ஆறைக் கூட்டினால் நம் மணி வந்துவிடும்.

உங்கள் வேலை ராத்திரி ஏழுக்குத் தொடங்கிக் காலை ஏழுக்கு முடிகிறது என்றால், சுவாஹிலியில் நீங்கள் ஒரு மணிக்கு ஏறி ஒரு மணிக்கு இறங்குகிறீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டு மணி அடிக்கும்போது அவர்கள் கணக்கில் 'சா கூமி நா மோஜா நா நூசு', பதினொன்றரை. இன்று ராத்திரி சொல்லிப் பாருங்கள்.